ஒரு சாக்கெட் குறைகிறது

“என் தம்பி சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டான்” என்றாள் அந்த அக்கா.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சீருடையைக்கூட மாற்றாமல் எங்களைத் தேடி வந்து, கையோடு தம்பியின் ஃபிளாட்டுக்கு இழுத்து வந்திருந்தாள். தோளில் ஒரு சின்னக் குளிர்ப்பை தொங்கியது. அதைக் கீழே வைக்கச் சொன்னால் முறைத்தாள். உள்ளே இன்சுலின் ஊசி போடும் பேனா இருந்தது.

விஷயம் இதுதான். தம்பிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போட்டாக வேண்டும். முன்பு ஒரு தடவை போடாமல் விட்டு ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறான். அவன் தனியாக இருக்கிறான். இவள் தினமும் காலையில் டிபன் டப்பாவை அவன் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவாள். இன்றும் மாட்டினாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் டப்பா மாட்டின இடத்திலேயே தொங்குகிறது, போன் மேஜை மேல் இருக்கிறது, பேனா ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆளை மட்டும் காணோம். பேனாவை எடுத்துக் குளிர்ப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

“டப்பாவை மாட்டும்போது உள்ள எட்டிப் பார்க்கலையா?” என்றாள் சித்தி.

“கதவு ஒருக்களிச்சுதான் இருந்துச்சு. இன்னிக்குன்னு பாத்து பஸ் டயர் பஞ்சர். இங்க வரவே லேட்டு. வேலையா இருப்பான்னு மாட்டிட்டு ஓடிட்டேன்.”

“போலீஸ்?”

“வளர்ந்த ஆம்பளை, எங்கயாவது போயிருப்பான், நாளைக்கு வாங்கன்னாங்க. நாளைக்கு வந்து நான் என்ன பண்ண? டப்பாவையே எடுக்கல. அப்போ ஊசியும் போட்டிருக்க மாட்டான். சீக்கிரம் கண்டுபிடிங்க சித்தி, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

சித்தி எனக்குத்தான் சித்தி. ஆனால் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. ஸ்டேஷன் வாசலில் விரட்டுகிற இன்ஸ்பெக்டர்கூட “வாங்க சித்தி, போங்க சித்தி” என்றுதான் விரட்டுவார். நான் அவளுடைய அக்கா மகன். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கடை படுத்த பிறகு, அவளுக்குச் சம்பளம் இல்லாத துப்பறியும் உதவியாளனாகப் பதவி உயர்வு பெற்றேன்.

“யார் மேலயாவது சந்தேகமா?” என்றாள் சித்தி.

அக்கா தம்பியின் போனை நீட்டினாள். பூட்டிய திரையில் ஒரே ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. அனுப்பியவன் பெயர் புலி.

‘மத்தியானத்துக்குள்ள என் கீபோர்டு வரலைன்னா நேர்ல வருவேன். அப்புறம் நீ தொலைஞ்ச.’

“இவன்தான். வந்து தூக்கிட்டுப் போயிட்டான்.”

“போனைத் திறக்க முடியுமா?”

“கடவுச்சொல் தெரியாது.”

சித்தி என்னைப் பார்த்தாள். “என்னைப் பார்க்காத சித்தி. ஒரு போனை உடைக்கச் சொன்னா கண்ணை மூடிட்டு உடைப்பேன். திறக்கத்தான் வராது” என்றேன்.

தம்பியின் தொழில் கீபோர்டு ரிப்பேர். கம்ப்யூட்டரோடு இலவசமாக வரும் சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுவிட்சு இருக்கும் ரகம். விரும்பினால் ஒன்றைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் சொருகிக்கொள்ளலாம். மேஜையில் ஒரு தூசி கிடையாது. திருப்புளிகள் உயர வாரியாக நின்றன. நடுவே ஒரு கீபோர்டு சட்டை கழற்றி, முதுகு மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது.

“இது யாருது?”

“அந்தப் புலியோடதுதான். முந்தாநாள் சொல்லிச் சிரிச்சான். அந்த ஆளுக்கு சொந்த விலாசத்தை டைப் அடிக்கக்கூட சோம்பேறித்தனமாம். ஓரத்துல இருக்கிற ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சா பேரு, விலாசம் எல்லாம் தானா வந்து விழுமாம். கீபோர்டுக்குள்ளயே பதிஞ்சு வச்சிருக்கானாம். அந்தப் பட்டன் சரியா அமுங்கலைன்னுதான் ரிப்பேருக்கே வந்துச்சு.”

சித்தியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “எந்தப் பட்டன்?”

நான் கீபோர்டை நிமிர்த்தினேன். ஓரத்தில் ஒரே ஒரு பொக்கை. எங்களுக்கு வேண்டிய அதே பட்டன்தான். நம் ராசி அப்படி.

மறுபடி கவிழ்த்தேன். சுவிட்சின் இரண்டு கால்களும் போய் உட்காருகிற கருப்புச் சாக்கெட் மேஜையில் தனியாக, விரிசல் விட்டுக் கிடந்தது. போர்டில் அதை ஒட்டிவைத்திருந்த இரண்டு செம்புத் தகடுகளில் ஒன்று சாக்கெட்டோடு பிய்ந்து வந்திருந்தது.

“இது எப்படி நடக்கும்?” என்றாள் சித்தி.

“மேலேருந்து சுவிட்சை முரட்டுத்தனமா அமுக்கினா நடக்கும். அடியில ஒரு விரலைக் குடுத்து சாக்கெட்டைத் தாங்கிக்கணும். தாங்கலைன்னா சாக்கெட்டு பின்பக்கமா பிச்சுக்கிட்டுப் போயிடும்.”

“அப்போ இதைப் பண்ணது என் தம்பி இல்ல!” அக்கா பாய்ந்து வந்தாள். “விரல் குடுக்காம சொருகவே மாட்டான். சோறு போட உக்காந்தா எனக்கு இதே பாடம்தான் நடத்துவான். இத்தனை வருஷத்துல ஒரு சாக்கெட்டைப் பிச்சதில்ல. அந்தப் புலி வந்து, இவன் கையிலேருந்து புடுங்கி, அவனே சொருகிப் பார்த்திருக்கான். கைகலப்பு ஆயிருக்கு.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. தொழில் தெரிந்தவன் செய்கிற தப்பு இல்லை அது.

“சரி பண்ணுடா” என்றாள் சித்தி.

“எவ்வளவு நேரம் குடுப்ப?”

“இவ தம்பி மூச்சு எவ்வளவு நேரமோ அவ்வளவு.”

முதலில் குறுக்கு வழி பார்த்தேன். கீபோர்டை என் போனில் சொருகி, ட்வீசர் இடுக்கியால் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்தேன். விட்டு விட்டுத் தொட்டது. அழுத்திப் பிடித்தால்தான் விலாசம் வருமாம். பிய்ந்த இடத்தில் பிடிமானம் எங்கே இருக்கிறது? ட்வீசர் வழுக்கியது. முறையாகச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

“அக்கா, ஒரு சாக்கெட் வேணும். உங்க தம்பி பழைய போர்டு எதையும் தூக்கிப் போட்டிருக்க மாட்டாரே? எங்க வச்சிருக்கார்? ரிப்பேர்காரன் வீடு இவ்வளவு சுத்தமா இருந்தா எனக்கு பயமா இருக்கு.”

“குப்பைக் கிடங்கு மாதிரி இருக்குன்னு நான்தான் திட்டி எல்லாத்தையும் ஒழிக்க வச்சேன். இப்ப அதெல்லாம் எதுக்கு? ஏதாவது பண்ணி சீக்கிரம் முடிங்க தம்பி.”

பண்ணினேன். கீபோர்டில் பிறந்ததிலிருந்து யாருமே அழுத்தியிராத பட்டன் ஒன்று இருக்கும். புலியின் கீபோர்டிலும் இருந்தது. அதன் சாக்கெட்டைச் சூடு காட்டிக் கழற்றினேன். திருட்டுதான். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். மேஜையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி கிடந்தது. பற்றவைக்கிற ஈயப் பேஸ்ட்டைக் கொஞ்சம் அதில் எடுத்துக்கொண்டேன். பிய்ந்த தகட்டிலிருந்து ஓடுகிற கோட்டின் மேல் பச்சைப் பூச்சைப் பிளேடால் சுரண்டினேன். தலைமயிர் அகலத்துக்குச் செம்பு தெரிந்தது. கொஞ்சம் கூடச் சுரண்டினால் அதுவும் போய்விடும், அத்தோடு எல்லாம் போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டேன்.

சாக்கெட்டின் ஒரு காதை மிச்சமிருந்த தகட்டில் பற்றவைத்தேன். மறு காதிலிருந்து அந்தச் செம்புக் கோட்டுக்கு ஒரு மெல்லிய கம்பி இழுத்தேன். முதல் தடவை கம்பி ஒட்டவில்லை. இரண்டாவது தடவையும் ஒட்டவில்லை.

“ஆச்சா?” என்றாள் அக்கா.

“இன்னும் இல்லக்கா.”

“ஆச்சா?”

சித்தி அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். மூன்றாவது தடவை ஈயம் பளபளவென்று பரவியது. ஆறவிட்டு, அடியில் விரலைத் தாங்கலாகக் கொடுத்து, மேலிருந்து சுவிட்சை நிதானமாகச் சொருகினேன். அழுத்திப் பிடித்தேன்.

என் போன் திரையில் எழுத்துகள் தாமாக ஓடின. ஒரு பெயர், ஒரு தெரு, மாடி வீடு என்று முழு விலாசமும் வந்தது. பக்கத்துப் பேட்டைதான்.

“சித்தி!” என்று கத்தினேன். அவசரத்தில் கையில் அகப்பட்ட சில்லறை சாமான்களைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கீபோர்டை அக்குளில் இடுக்கினேன்.

“நீ இங்கயே இரு. அவனா வந்தாலும் வீட்ல ஆள் வேணும்” என்றாள் சித்தி அக்காவிடம். அக்கா தலையாட்டினாள். குளிர்ப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

புலி என்ற பெயருக்கு அந்த ஆள் செய்திருந்த ஒரே நியாயம் மீசை. மற்றபடி கதவைத் திறந்தது ஒல்லியான, தூக்கம் கெட்ட முகம்.

“அந்தப் பையன் எங்க?” என்றாள் சித்தி, வணக்கம்கூடச் சொல்லாமல்.

“அதைத்தான் நானும் கேக்கிறேன்! ஐயோ, என் கீபோர்டு!” என்று என் அக்குளைப் பார்த்துப் பாய்ந்தார். நான் பின்வாங்கினேன். இவ்வளவு பாசமாக என்னை யாரும் பார்த்ததில்லை.

“தொலைஞ்சன்னு மெசேஜ் அனுப்பினீங்களே, அது?”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “காது கேக்காத பிள்ளைங்க படிக்கிற காலேஜ்ல வேலை. வாத்தியார் பேசப் பேச நான் அடிக்கணும், அவங்க திரையில படிப்பாங்க. இன்னிக்கு மத்தியானம் அவங்களுக்கு வாய்மொழித் தேர்வு. வேற கீபோர்டுல என் கை ஓடாது. ஒரு கேள்வியை நான் விட்டா அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. கோபத்துல அனுப்பினேன்மா. நேர்லயும் போனேன். கதவு திறந்து கிடந்துச்சு. ஆள் இல்ல. சால்டரிங் இரும்பு சூடா புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான்தான் அணைச்சேன். கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டு வந்துட்டேன்.”

“கீபோர்டை ஏன் எடுத்துட்டு வரல?”

“சாக்கெட் இல்லாம எடுத்துட்டு வந்து? அவன்தான் பிச்சுட்டானே. காலையில வீடியோவுல பேசிக்கிட்டே, என் கண் முன்னாடி, சுவிட்சை ஓங்கி அமுக்கிப் பிச்சான். ஒரு விரலாவது அடியில குடுத்தானா? கேட்டா வாய் குழறுது. குடிச்சிருக்கான்னு நினைச்சுத்தான் அந்த மெசேஜ் போட்டேன்.”

நானும் சித்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிய்த்தது தம்பியேதான்.

“ஊசி போடல. சர்க்கரை ஏறி மயக்கம் வந்திருக்கு. அதான் புத்தி தடுமாறி கையும் தடுமாறியிருக்கு” என்றாள் சித்தி மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினாள். “டேய், உனக்கு சாக்கெட் தேவைப்பட்டுச்சு. என்ன பண்ண?”

“இதே கீபோர்டுலேருந்து திருடினேன்.”

“என்னது?” என்றார் புலி.

“அவன் பண்ணுவானா?”

“சேச்சே. வாடிக்கையாளர் பொருள்ல கை வைக்கிற ஆளா தெரியல.”

“அப்போ அவனுக்கும் ஒரு சாக்கெட் வேணும். இரும்பைச் சூடா வச்சுட்டு, கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கான். போன் எடுக்கல. தூரமா போறவனா இவன்? பழைய போர்டு இருக்கிற இடத்துக்குத்தான் போயிருக்கான்.” சித்தி அதற்குள் போனில் அக்காவைக் கூப்பிட்டிருந்தாள். “ஏம்மா, தம்பியோட குப்பையை எல்லாம் ஒழிக்க வச்சியே, எங்க போட்டான் அதை?”

ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கேட்டது. “கீழ்த்தளத்துல. லிஃப்ட் மோட்டாருக்குப் பின்னாடி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஸ்டோர் ரூம்... ஐயோ! அங்க நான் பாக்கவே இல்லையே!”

“ஓடு. அங்கதான் இருக்கான்.”

“பேனா கையிலயேதான் இருக்கு சித்தி! போட்டுடறேன்!”

“போடு. நாங்க வந்துட்டே இருக்கோம்.”

படியில் இறங்கும்போது எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை, கண்டுபிடித்தும் ஆகிவிட்டது. ஸ்கூட்டர் சாவிக்காகச் சட்டைப்பையில் கையை விட்டேன். சாவியோடு அந்தப் பிளாஸ்டிக் மூடியும் ஒட்டிக்கொண்டு வந்தது.

“என்னடா அது?”

“பேஸ்ட் கிண்ணம். தம்பி மேஜையில கிடந்துச்சு. நல்லா இருக்குன்னு ஆயுள் கடனா வாங்கிக்கிட்டேன்.”

சித்தி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிவதைப் பார்த்தேன்.

“இது பேனா ஊசியோட மூடிடா. உங்க சித்தப்பாவுக்கு தினமும் நான் கழட்டினதுதானே இது. அவன் ஊசி போட்டிருக்கான்.”

“நேத்து போட்டதா இருக்கலாம்...”

“அந்த மேஜையில நேத்துக் குப்பை இருந்துச்சா? தூசி இருந்துச்சா? இன்னிக்குக் காலையில போட்டுட்டு சோத்துக்காக உக்காந்திருக்கான். டப்பா லேட்டு. இந்த ஆள் அவசரப்படுத்தினதுல வெறும் வயித்தோட வேலையில இறங்கிட்டான். அதான் உளறல். அவனுக்கு சர்க்கரை ஏறலடா, இறங்கிப்போச்சு. பாதாளத்துல கிடக்கு. இப்ப மேல ஒரு ஊசி விழுந்தா...”

அவள் முடிக்கவில்லை. போனை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழுத்தினாள். கீழ்த்தளத்தில் சிக்னல் ஏது?

“போடுன்னு சொன்னேனே. என் வாயால சொன்னேனே” என்றாள் சித்தி. அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

மாடிக்கு ஓடினேன். புலியின் மேஜையிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் “ஆம்புலன்ஸ்! அவன் வீட்டுக்கு! கீழ்த்தளம்!” என்று கத்திவிட்டு நாலு நாலு படியாகத் தாவினேன். கீபோர்டை அவர் மடியில் எறிந்ததாக ஞாபகம்.

அந்தப் பயணத்தை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. சிவப்பு விளக்கு எங்களுக்காகக் காத்திருந்த மாதிரி எல்லா முனையிலும் விழுந்தது. நான் ஒன்றையும் மதிக்கவில்லை. பின்னால் சித்தி ஓயாமல் போனை அழுத்திக்கொண்டிருந்தாள். அதே பெண் குரல், அதே எல்லைக்கு வெளியே. ஒரு முனையில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. நடைபாதையில் ஏற்றினேன். திட்டினார்கள். திட்டட்டும்.

லிஃப்ட் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கம்பிக் கதவு போட்ட அறைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. கதவை அடைத்துக்கொண்டு சரிந்து கிடந்த பெட்டிகளைத் தள்ளி உள்ளே நுழையவே அக்காவுக்கு இவ்வளவு நேரம் பிடித்திருந்தது.

அவன் பழைய போர்டுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அக்கா மண்டியிட்டு அவன் சட்டையைத் தூக்கியிருந்தாள். பேனாவின் ஊசி வயிற்றில் இறங்கியிருந்தது. கட்டைவிரல் மேல் பொத்தானில் இருந்தது.

“போடாத!” என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது. நான் அப்படியே மேலே விழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். பஸ் ஓட்டுகிற கை. என்னை உதறிப் போர்டுகள் மேல் தள்ளியது. ஆனால் ஊசி வெளியே வந்துவிட்டது.

சித்தி அதற்குள் அவன் தலையை ஒருக்களித்துத் திருப்பி, சர்க்கரையில் எச்சில் தொட்ட விரலை முக்கி, கன்னத்தின் உட்பக்கம் தேய்க்க ஆரம்பித்தாள்.

“சர்க்கரை வியாதிக்காரனுக்கு சர்க்கரையா?” அக்கா அலறினாள். “கொல்லப் பாக்குறீங்களா? விடுங்க என்னை! செத்துக்கிட்டு இருக்கான்!”

“அவன் காலையிலயே ஊசி போட்டுட்டான்மா. சாப்பிடத்தான் இல்ல.” சித்தி தேய்ப்பதை நிறுத்தவில்லை. “உடம்புல சர்க்கரையே இல்ல. நீ இதைப் போட்டிருந்தா...”

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

“போட்டியா?” என்றேன் நான். “அமுக்கினியா அக்கா?”

அவள் பேனாவைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. “இல்ல. தம்பிக்கு வலிக்குமேன்னு... ஒரு நிமிஷம் நிதானிச்சேன்.”

சித்தி மறுபடி விரலை முக்கினாள், தேய்த்தாள். அவன் அசையவில்லை. மறுபடி முக்கினாள். நான் கடவுளிடம் பேசி ரொம்ப நாள் ஆகிறது. அன்று பழைய பாக்கி எல்லாவற்றையும் பேசித் தீர்த்தேன். அக்கா அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு “டேய், டேய்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் நாக்கு சித்தியின் விரலை நக்கியது.

பிறகு தொண்டை அசைந்தது. முழுங்குகிறான் என்று தெரிந்ததும் சித்தி இன்னும் கொஞ்சம் ஊட்டினாள். மேலே எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் நெருங்கியது. கண்கள் பாதி திறந்தன. முதலில் சித்தியைப் பார்த்து, யாரோ என்பது போல விழித்தான். என்னைப் பார்த்தான். நான் உட்கார்ந்திருந்தது அவனுடைய போர்டுகள் மேல் என்பது மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கடைசியில் காலடியில் இருந்தவளைக் கண்டுகொண்டான்.

“ஏங்கா, இன்னிக்கு இவ்வளவு லேட்டு? பசிக்குது” என்றான்.

அவள் பேனாவைத் தரையில் வைத்துவிட்டு, தன்னிடமிருந்தே ஒளித்துவைப்பது போல எங்களைத் தாண்டித் தூரத்தில் தள்ளினாள். அப்புறம்தான் தவழ்ந்து வந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வந்துட்டேன்டா” என்றாள். “வந்துட்டேன்.”